நின்று பழுதாகும் வான்: ஒரு பழைய டொல்பினின் வருடாந்த வேலைகள்

கோப்பாயில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வளவில், வேப்பமரத்தடியில் நிற்கும் டொயோட்டா ஹையேஸ் ஒன்றைப் பற்றியது இந்த ஆய்வு. எல்எச்113 வகை. இலங்கையில் யாரும் அந்த இலக்கத்தைச் சொல்வதில்லை, டொல்பின் என்றால் போதும். 3எல் டீசல் என்ஜின், 2779 சிசி. 1990களின் நடுப்பகுதியில் யப்பானில் செய்தது. போர் முடிந்து ஏ9 பாதை திறந்த பிறகு தெற்கிலிருந்து வடக்கே வந்த பழைய வான்களில் இதுவும் ஒன்று. மாஸ்ரர் வாங்கியபோதே இது பல கைமாறிய வண்டி.

மேல்நாடுகளில் காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கும் சின்ன வீட்டு வண்டி நம் பக்கத்தில் இல்லை. அந்த வேலையை இங்கே பழைய வான்தான் செய்கிறது. கதிர்காமம், மடு, திருக்கேதீஸ்வரம், திருகோணமலை என்று போகிற குடும்பங்கள் இரவில் வானுக்குள்ளேயே சரிந்து படுத்துவிட்டு விடியப் புறப்படுவது பழைய வழக்கம். மாஸ்ரர் அதைக் கொஞ்சம் ஒழுங்காகச் செய்ய நினைத்தார். சீற்றைக் கழற்றவில்லை. பின் சீற்றுகளை மடித்து, மேலே மூன்று துண்டாக விரிகிற பலகைக் கட்டில், அதன்மேல் ஸ்பொஞ் மெத்தை, சன்னல்களுக்கு நுளம்பு வலை, இரண்டு விசிறி, ஒரு காஸ் அடுப்பு. அவ்வளவுதான். வானைப் பதிந்த வகையே மாறிவிடும் அளவுக்குப் பிரித்து மேய்ந்தால் வருமான அனுமதிப்பத்திரத்தில் தொடங்கி காப்புறுதி வரை எல்லாம் சிக்கல். அந்தப் பக்கம் அவர் போகாதது நல்லது.

நான் வாகன மின்வேலை செய்கிறவன். இயந்திர வேலையும் உடல் வேலையும் கொக்குவிலில் கராஜ் வைத்திருக்கும் அண்ணையுடையது. 2018 தையிலிருந்து ஒவ்வொரு தையிலும் இந்த வான் அவரிடம் வரும். மழை ஓய்ந்து நிலம் காய்கிற காலம் என்பதால் தை. அண்ணையின் கொப்பியும் என் மீற்றர் குறிப்புகளும் கையில் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. அண்ணை அதை இரண்டாம் வருடமே சொல்லிவிட்டார்: “மாஸ்ரர், உங்கட வான் ஓடிப் பழுதாகேல்லை. நிண்டுதான் பழுதாகுது.”

கூரை

முதல் தையில் மாஸ்ரர் கொண்டுவந்த முறைப்பாடு ஒன்றுதான்: நடுச் சீற்றுக்குக் கீழே பாய் நனைகிறது. அதற்கு முன் பார்த்த ஓர் இடத்தில் முன் கண்ணாடியின் றப்பரைச் சுற்றி சிலிக்கன் பூசி அனுப்பியிருந்தார்கள். மழை வந்தது, பாய் மறுபடி நனைந்தது.

தண்ணீர் நுழைகிற இடமும் தெரிகிற இடமும் வானில் ஒன்றாக இருப்பதில்லை. அண்ணை ஹோஸ் பைப்பை எடுத்தார். ஒரு பொடியனை ரோச் லைற்றோடு உள்ளே விட்டு, உட்புறத் தட்டுகளைக் கழற்றிவிட்டு, வெளியே கீழிருந்து மேலாகத் தண்ணீர் பிடித்தார். முதலில் கதவடி, பிறகு சன்னல் றப்பரின் கீழ்விளிம்பு, பிறகு மேல்விளிம்பு, கடைசியாகக் கூரை. ஒவ்வொரு இடத்திலும் ஆற அமரப் பத்து நிமிடம். மேலிருந்து பிடித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து எது ஓட்டை என்று பிடிபடாது. சன்னல்கள் எல்லாம் தேறிவிட்டன. கூரையின் இடப்பக்கப் பீலியில் பிடித்ததும் உள்ளே இருந்த பொடியன் சத்தம் போட்டான். நடுத்தூணின் உட்பக்கத்தால் நூல் போலத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

டொல்பினின் கூரைத் தகடும் பக்கத் தகடும் சேரும் இடம்தான் அந்தப் பீலி. சேரும் கோட்டில் கம்பெனியே ஒரு சீலர் பூசியிருக்கும். இருபது வருட வெயிலில் அது காய்ந்து வெடிக்கும். வெடிப்பு மயிரிழைதான், ஆனால் பீலியில் தண்ணீர் தேங்குவதால் அது போதும். மேலே பெயின்ற் நன்றாகத்தான் இருக்கும், கை வைத்தால் சிறு கொப்புளம் தட்டும். அண்ணை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கொப்புளத்தைக் குத்திக் கிளப்பினார். உள்ளே காய்ந்த தேயிலைத் தூள் மாதிரிக் கறள் கொட்டியது. அதற்கும் மேலே யாரோ பழைய காலத்தில் இழுத்துவிட்ட சிலிக்கன் இரண்டு படை. சிலிக்கன் ஒழுக்கை அடைக்கிறது என்று நினைக்கிறார்கள். ஓரம் விட்டுப்போனதும் அது தண்ணீரை அடியில் பிடித்து வைத்துக்கொள்ளும், கறள் அதன் கீழே நிம்மதியாக வளரும். அதோடு சிலிக்கன் பட்ட தகட்டில் எந்தப் பெயின்றும் ஒட்டாது. அதைச் சுரண்டி எடுப்பதே பெரிய வேலையாகிவிட்டது.

இரண்டு பக்கப் பீலியையும் முழு நீளத்துக்கும் வெறும் தகடு தெரியும் வரை கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார்கள். பொஸ்போரிக் அசிட் கலந்த கறள் மருந்து பூசி, கழுவி, காயவிட்டு, எப்பொக்சி பிறைமர், அதன்மேல் பொலியூரிதேன் சீலர், கடைசியில் பெயின்ற். பின்பக்க மூலையில் இரண்டு விரல் அகலத்துக்குத் தகடு இல்லவே இல்லை. முந்தைய சொந்தக்காரர் அந்தப் பொந்தில் கடதாசியைத் திணித்து மேலே பட்டி பூசியிருந்தார். வேறெங்கும் அப்படி இருக்கிறதா என்று பார்க்க, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற சின்னக் காந்தம் ஒன்றை வான் முழுக்க ஓட்டிப் பார்த்தோம். தடித்த பட்டி உள்ள இடத்தில் காந்தம் பிடிக்காமல் நழுவும். பின்கதவின் கீழ்ப்பகுதியிலும் ஒரு சக்கரத்தின் மேல்வளைவிலும் நழுவியது. பழைய வான் வாங்கப் போகிறவர்கள் சட்டைப்பையில் அந்தக் காந்தத்தைப் போட்டுக்கொண்டு போவது நல்லது, விலை பேசவும் உதவும்.

பீலி வேலை அந்த வருடச் செலவில் பாதியை விழுங்கியது. மாஸ்ரருக்கு அது கையைக் கடித்தது. விசிறியும் விளக்கும் போடத்தான் அவர் காசு ஒதுக்கியிருந்தார். ஆனால் ஒழுகுகிற கூரையின் கீழே புதுப் பலகை அடிப்பது வீண் வேலை, ஒரு மழைக்காலத்திலேயே பலகை ஊதிவிடும். அதன் பிறகு வருடாந்தப் பராமரிப்பில் பீலிக்கு ஒரு நிரந்தர இடம் கிடைத்தது: ஐப்பசி மழைக்கு முன், புரட்டாதியில், ஏணி வைத்து ஏறி, வேப்பஞ்சருகைக் கூட்டி எடுத்து, சீலர் கோட்டை நகத்தால் அழுத்திப் பார்ப்பது. றப்பர் மாதிரி அமுங்கினால் சரி. பொருக்காக உடைந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்து மறுபடி பூசுவது. மாஸ்ரரே செய்துகொள்கிறார்.

தரையும் அடிப்பக்கமும்

பாயைத் தூக்கினால் நடுச் சீற்றின் போல்ட் இறங்கும் இடத்தைச் சுற்றித் தகடு மெலிந்திருந்தது. புதுத் துண்டு வைத்து வெல்டிங் செய்தார்கள். தரையின் வடிதுளைகளில் அடைத்திருந்த மண்ணைக் குத்தி எடுத்ததும் ஒரு சிரட்டை அளவு செம்மண் விழுந்தது. அடைபட்ட வடிதுளைதான் பல வான்களின் தரையைத் தின்கிறது.

அடிப்பக்கத்துக்கு உப்புதான் எதிரி. காரைநகர் கசூரினா கடற்கரைக்குப் போவதற்கும் ஊர்காவற்றுறைப் பக்கம் போவதற்கும் பரவைக்கடலுக்கு நடுவால் போகும் பாதைகளைத் தாண்ட வேண்டும். சோளகம் வீசுகிற மாதங்களில் அலைத் தூவானம் பாதை மேலேயே விழும். அன்றைக்கே நல்ல தண்ணீர் அடித்தால் பிரச்சினை இல்லை. நம் ஆட்கள் சேர்விஸ் முடிந்ததும் அடிப்பக்கத்துக்குப் பழைய ஒயில் அடித்துவிடச் சொல்வார்கள். தகட்டுக்கு அது கொஞ்சம் பாதுகாப்புத்தான், ஆனால் அடிப்பக்க மூட்டுகளில் இருக்கும் புஷ்களின் றப்பரை ஊதவைத்து மெதுவாக்கும், பிரேக் பக்கம் பட்டால் ஆபத்து, வழியெல்லாம் தூசியைப் பிடிக்கும். இந்த வானுக்கு அண்ணை அதை நிறுத்திவிட்டார். வானின் அடிச்சட்டத்துப் பொந்துகளுக்குள் மெழுகு கலந்த எண்ணெய், வெளியே அண்டர்கோட், வருடம் ஒரு தடவை ஜக்கில் தூக்கிச் சுரண்டல் உள்ள இடங்களைத் திருத்துவது. அதோடு சரி.

ரயர்

ரயரில் பொத்தானளவும் தேய்மானம் இல்லை, ஏன் மாற்ற வேண்டும் என்று மாஸ்ரர் வாதாடினார். ரயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் வருடம். 2309 என்றால் 2009ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். இந்த வானின் பின் ரயர் இரண்டிலும் அந்த வருடம்தான் இருந்தது, பக்கச் சுவர் முழுக்கச் சிறு வெடிப்பு. வெயிலில் ஒரே இடத்தில் நின்றதன் பலன். தேயாமலே வயது போன ரயர் அது.

அதைவிடப் பெரிய பிழை முன் ரயர்களில் இருந்தது. யாரோ மலிவுக்குக் கார் ரயர் போட்டிருந்தார்கள். அதன் சுமைக் குறியீடு 91, அதாவது ஒரு ரயர் தாங்குவது 615 கிலோ. வானுக்கென்று வருகிற ரயர்களில் 104 போன்ற குறியீடு இருக்கும், அது 900 கிலோ. என்ஜின் முன் சீற்றுக்குக் கீழே இருக்கிற வண்டியில், எட்டுப் பேரும் தண்ணீர்க் கான்களும் அரிசி மூட்டையும் ஏறிய பிறகு, இந்த வித்தியாசம் வவுனியா தாண்டி மத்தியான வெயிலில்தான் தெரியவரும். நாலும் மாற்றப்பட்டன. இப்போது வான் நிற்கும் காலத்தில் ரயருக்குக் கீழே பலகைத் துண்டு, மேலே பழைய சாக்கு.

கை பிரேக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். மழைக்காலம் முழுக்க அதை இழுத்துவிட்டு நிறுத்தினால் பின் டிரம்முக்குள் லைனிங் கறளோடு ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை சக்கரம் அசையவே மறுத்து, டிரம்மைச் சுத்தியலால் தட்டித்தான் விடுவித்தார்கள். இப்போது கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்கிறார். பிரேக் ஒயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டொட்3 வகையின் கொதிநிலை புதிதாக 205 பாகை செல்சியஸ், ஈரமேறினால் 140 வரை இறங்கலாம். கதிர்காமம் போகிற வழியில் எல்ல இறக்கத்தால் இறங்க நினைப்பவர்களுக்கு அந்த 65 பாகை முக்கியம்.

கிணற்றுத் தண்ணீர்

யாழ்ப்பாணத்துக்கே உரிய வருத்தம் இது. குடாநாட்டின் நிலத்தடி முழுக்கச் சுண்ணக்கல். கிணற்றுத் தண்ணீர் அதற்குள்ளால் ஊறி வருவதால் கனத்த தண்ணீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். ரேடியேட்டருக்குள்ளும் அதே படியும். கேத்தலைச் சுரண்டலாம், ரேடியேட்டரின் ஊசிக் குழாய்களை யார் சுரண்டுவது?

தண்ணீர் குறைந்தால் வாளியில் அள்ளி ஊற்றுகிற பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. இந்த வானிலும் வருடக்கணக்காக அப்படித்தான் நடந்திருக்கிறது. மேல் தொட்டியைத் திறந்து பார்த்தபோது குழாய்வாய்களில் மூன்றில் ஒன்று அடைந்திருந்தது. ஊருக்குள் ஓடும்போது சூட்டு ஊசி நடுவிலேயே நிற்கும். முழுச் சுமையோடு நீண்ட தூரம் போனால்தான் ஏறும். 3எல் என்ஜின் சூடேறினால் ஹெட் வெடிக்கும் என்பது டொல்பின் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த கதை. வெடித்தால் அந்தச் செலவில் வானின் மற்ற எல்லா வேலையையும் செய்து முடிக்கலாம்.

ரேடியேட்டரைக் கழற்றி, தொட்டிகளைப் பிரித்து, குழாய்களுக்குள் தகட்டு ஈர்க்கு விட்டு அடைப்பு எடுத்தார்கள். என்ஜினுக்குள் சிற்றிக் அசிட் கரைசல் ஓடவிட்டு, அது கலங்கி வருவது நிற்கும் வரை மாற்றி மாற்றிக் கழுவினார்கள். பிறகு கூலன்ற், அதோடு காய்ச்சி வடித்த தண்ணீர். வானில் இப்போது ஒரு போத்தல் வடித்த தண்ணீர் எப்போதும் இருக்கும், மூடியில் மாஸ்ரரின் மனைவி ரீச்சர் சிவப்பு மையால் ‘வானுக்கு’ என்று எழுதி ஒட்டியிருக்கிறார். குடிக்கிற, சமைக்கிற தண்ணீர் வேறு கான்களில். அவற்றுக்கு ஒரு சின்ன 12 வோல்ற் பம்பும் குழாயும் பூட்டச் சொல்லி மாஸ்ரர் கேட்டார். பூட்டிக் கொடுத்தேன். ஒரு வருடத்துக்குள் குழாய்வாய் வெள்ளையாக அடைத்துவிட்டது. கழற்றிப் போட்டுவிட்டு, அடியில் திருகு குழாய் உள்ள கானை மேசையில் வைத்துப் பிடிக்கிறார்கள். அது எந்த வருடமும் பழுதாகவில்லை.

பற்றரியும் வெயிலும்

என் பகுதி இது, கொஞ்சம் நீளும்.

முதலில் விளக்கும் விசிறியும் என்ஜின் பற்றரியிலேயே கொழுவியிருந்தன. இரவில் காற்று வாங்கிவிட்டு விடியத் தள்ளி ஸ்டார்ட் எடுக்கிற வழக்கம். பயணம் இல்லாத காலத்திலும் பற்றரி இறங்கியது. மழைக்காலம் முடிய ஒவ்வொரு தையிலும் 11.9 வோல்ற், 11.7 வோல்ற் என்றுதான் இருக்கும். ஈய அமிலப் பற்றரி முழுதாக நிறைந்து ஓய்வாக இருந்தால் 12.6க்கு மேல் காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதிதான். 12க்குக் கீழே வாரக்கணக்கில் கிடந்தால் தட்டுகளில் சல்பேற் இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. புதுப் பற்றரி இரண்டு வருடத்தில் செத்ததற்குக் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பற்றரியின் மறை (நெகற்றிவ்) வயரைக் கழற்றி இடையில் மீற்றரைக் கொழுவியபோது 80 மில்லி அம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. சின்ன எண்தான். நாளுக்கு 24 மணி நேரம் என்று பெருக்கினால் ஏறக்குறைய 2 அம்பியர்-மணி. 65 அம்பியர்-மணிப் பற்றரி ஒரு மாதத்தில் காலி. ஒவ்வொரு பியூஸாகக் கழற்றிப் பார்த்ததில் குற்றவாளி பழைய கசற் செற்றுக்குப் பதிலாகப் பூட்டிய மலிவுத் திரை. திறப்பைக் கழற்றினாலும் தூங்காத சாமான் அது. அதன் வயரை மாற்றியதோடு, மறை முனையில் கையால் திருகும் சுவிச் ஒன்றும் போட்டேன். வானை நிறுத்தினால் அதைத் திருகிக் கழற்றிவிடுவது இப்போது வீட்டு வழக்கம்.

பிறகு இரண்டாவது பற்றரி. தொடக்கத்தில் ஈய வகை, இப்போது 100 அம்பியர்-மணி லித்தியம் இரும்பு பொஸ்பேற். விலை கூடத்தான். ஆனால் ஈயத்தில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், இதில் 80 வீதம் வரை இறக்கலாம், எடையும் பாதிக்குக் கீழே. இதற்கு என்ஜின் சூடு ஆகாது என்பதால் முன் சீற்றுப் பக்கம் வைக்கவில்லை, பின் கட்டிலுக்குக் கீழே இறுக்கிக் கட்டியிருக்கிறேன். என்ஜின் சுழற்றி மின் எடுக்கும் அல்டர்னேட்டரிலிருந்து நேரே வயர் இழுக்கக் கூடாது. லித்தியம் கிடைத்ததையெல்லாம் இழுக்கும், பழைய அல்டர்னேட்டர் சூடேறிப் போய்விடும். நடுவில், அளவோடு மட்டும் மின்னை விடுகிற டிசி-டிசி சார்ஜர் ஒன்று வேண்டும். பற்றரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் வேண்டும். இதைச் சிக்கனம் பார்த்து விடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், தீப்பிடித்த பிறகு பியூஸ் வாங்கி என்ன பயன்.

மேலே 100 வாட் சூரியத் தகடு ஒன்று. கூரையில் ஒரு துளைகூடப் போடவில்லை. பீலியில் கவ்விப் பிடிக்கும் கரியர் வாங்கி அதன்மேல் பூட்டி, வயரைப் பின்கதவு றப்பரின் ஓரத்தால் இறக்கினோம். நல்ல வெயில் நாளில் 350 முதல் 400 வாட்-மணி வரை தருகிறது. இரண்டு விசிறியும் இரவு முழுக்கச் சுற்ற 300க்குள்தான் போகும். நிழலில் நிறுத்தினால் இந்தக் கணக்கு பிழைக்கும். மாஸ்ரருக்கு வேப்பமரத்தடியும் வேண்டும், சார்ஜும் வேண்டும். பிறகு இலை கழித்தார்கள்.

கூரைக்கு மேலே காற்றை வெளியே தள்ளும் விசிறி வைக்க வேண்டும் என்று கனடாவிலிருந்து வந்த மகன் ஒரு வருடம் பிடிவாதமாக நின்றார். அங்கே எல்லா வண்டியிலும் இருக்கிறதாம். இருக்கட்டும். அதற்குக் கூரையில் சதுரமாக வெட்ட வேண்டும். இவ்வளவு பாடுபட்டுத் தண்ணீரை வெளியே வைத்த பிறகு ஒரு அடிச் சதுரத்தில் புது வாசல் திறந்துவிட நானும் அண்ணையும் சம்மதிக்கவில்லை. பக்கச் சன்னல்களை வழுக்கித் திறந்து, அளவுக்குச் செய்த அலுமினியச் சட்டத்தில் வலை அடித்து, ஒரு பக்கச் சட்டத்தில் விசிறியை வெளிநோக்கிப் பூட்டினோம். மறுபக்கத்தால் காற்று உள்ளே வருகிறது. மகன் அடுத்த ஆவணியில் வந்து அதற்குள் படுத்துப் பார்த்துவிட்டு வாய் திறக்கவில்லை. சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டோம்.

அடுப்பைப் பற்றிச் சுருக்கமாக. 2021 இறுதியில் நாடெங்கும் வீடுகளில் காஸ் அடுப்புகள் வெடித்த நாட்களுக்குப் பிறகு ரீச்சர் வானுக்குள் சிலிண்டரை ஏற்ற விடவில்லை. சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையில் தேங்கும், படுக்கையும் அங்கேதான். இப்போது 2.3 கிலோ சிலிண்டர் பின்கதவு பக்கத்துப் பெட்டியில் நிமிர்த்தி நிற்கும், பெட்டியின் அடியில் வெளியே போகிற துளை, சமையல் வெளியில் மட்டும். குழாயும் ரெகுலேட்டரும் வெடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலத்துக்கு மாற்றப்படும்.

2022

ஓட்டத்தையும் நிற்பதையும் தனித்தனியாக எடைபோட ஒரு வருடம் தானாகவே அமைந்தது. 2022இல் டீசல் இல்லை. எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்த பிறகும் வானுக்கு வாரத்துக்கு 20 லீற்றர்தான் கிடைத்தது. கதிர்காமப் பேச்சே எழவில்லை. வான் ஆடி, ஆவணி, மழைக்காலம் எல்லாவற்றையும் வேப்பமரத்தடியிலேயே கழித்தது.

அடுத்த தையில் வந்த பட்டியல் வேறு எந்த வருடத்தையும்விட நீளம். பிரேக் காலிப்பர் ஒன்றில் பிஸ்டன் இறுகியிருந்தது. டீசல் வடிகட்டியின் அடியில் தண்ணீர் சேர்ந்திருந்தது. அது மட்டுமில்லை, அந்த நாட்களில் கானில் வாங்கிச் சேமித்த டீசலோடு வந்த மண்டியும் தொட்டிக்குள் இருந்தது. தொட்டியை இறக்கிக் கழுவ வேண்டி வந்தது. வயர் கட்டொன்றை எலி கடித்திருந்தது. ஏசி பெல்ட் ஒரே மடிப்பில் விறைத்து நின்றது. கதவு றப்பர் தகட்டோடு ஒட்டியிருந்தது, இழுத்தபோது கிழிந்தது. என்ஜின் மட்டும் பற்றரி மாற்றியதும் முதல் உதையில் பிடித்துக்கொண்டது.

அதற்கு முந்தைய நல்ல வருடங்களில், தெற்கும் கிழக்கும் சுற்றிவந்த வருடங்களில், பட்டியல் ஒரு பக்கத்துக்குள் முடிந்திருக்கிறது: ஒயில், வடிகட்டிகள், சக்கரப் பெயாரிங்குக்குக் கிறீஸ், பிரேக் லைனிங், ஒரு புஷ். அண்ணையின் கொப்பியில் இந்த இரண்டு பக்கங்களையும் மாஸ்ரருக்குக் காட்டினேன். அவர் கணித ஆசிரியர், ஒரு வருடத்தை வைத்து முடிவு சொல்லாதே என்றார். நியாயம். ஆனால் அதன் பிறகு பயணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வானை எடுத்து, என்ஜின் நன்றாகச் சூடாகி அடங்கும் வரை பருத்தித்துறை வீதியில் ஓட்டிவிட்டு வருகிறார். வளவுக்குள்ளேயே சும்மா ஸ்டார்ட் பண்ணி வைப்பது இதற்கு ஈடாகாது. பிரேக்கும் கியரும் ரயரும் அசைவதில்லை, சைலன்சருக்குள் ஈரம் மட்டும் சேரும்.

வானை விற்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து பழைய டொல்பினுக்கும் பொன்விலை. உதிரிப் பாகம் ஸ்ரான்லி வீதிக் கடைகளில் இல்லாவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குத்தான் சொல்லி விட வேண்டும். 2025 தொடக்கத்தில் இறக்குமதி மறுபடி திறந்தது, புது வண்டியின் வரியைப் பார்த்த பிறகு மாஸ்ரர் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனரை ஓடவைத்த ஊர் இது. காபரேற்றரில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் எடுத்து, பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அண்ணை தொழில் பழகியது அந்த வண்டிகளில்தான். எறிந்துவிடு என்ற சொல் அவர் வாயில் வராது.

திருக்கேதீஸ்வரம்

தொட்டி கழுவி, காலிப்பர் மாற்றிய பிறகு முதல் நீண்ட ஓட்டம் சிவராத்திரிக்கு மன்னார்ப் பக்கம். சங்குப்பிட்டிப் பாலத்தால் ஏறி, பூநகரி தாண்டி ஏ32 வழியே. அந்தப் பாலம் 2011இல் திறந்தபிறகு மன்னாருக்கு வவுனியா சுற்றத் தேவையில்லை. பாதை நேர், பக்கத்தில் நிழலும் இல்லை, ஆளும் குறைவு. பழுதானால் நிற்க நல்ல இடம் இல்லாத பாதை என்பதால் பரிசோதனைக்கு அதுவே சரி.

நானும் கூடப் போனேன். சூட்டு ஊசி பாதிக்குக் கீழே நின்றது. பூநகரியில் நிறுத்திச் சக்கரங்களின் நடுவில் கை வைத்துப் பார்த்தோம். நாலும் ஒரே அளவு இளஞ்சூடு. ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பெயாரிங் அல்லது பிரேக் பிடிக்கிறது என்று அர்த்தம். கோயிலடியில் விழித்திருக்க வந்தவர்களில் பாதிப் பேர் நள்ளிரவுக்குப் பிறகு வானுக்குள் மாறி மாறிப் படுத்தார்கள். விசிறி இரண்டும், ஒரு விளக்கும், கைத்தொலைபேசிகளுமாக விடிய மீற்றர் காட்டியது பற்றரியில் நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலான செலவு. லித்தியத்தில் வோல்ற்றை வைத்து மீதியை மதிப்பிட முடியாது, நிறைவிலும் பாதியிலும் ஏறக்குறைய ஒரே எண்தான் காட்டும். போனதையும் வந்ததையும் எண்ணுகிற மீற்றர் வேண்டும். இல்லையென்றால் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும்.

கட்டில் பலகைதான் சத்தம் போட்டது. பிளைவூட்டின் மூட்டுகளில் துணி நாடா ஒட்டியதும் அடங்கியது. வேறு குறை ரீச்சர் சொன்னது: ஏறி இறங்கப் படி உயரம். முழங்கால் வலியோடு இரவில் இறங்குவது பாடு. இரும்பில் மடிப்புப் படி ஒன்று அண்ணை செய்து கொடுத்தார். எட்டு வருட மேம்பாடுகளில் அதிகம் பாராட்டுப் பெற்றது அந்தப் படிதான். லித்தியத்தைப் பற்றி இதுவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்த வருடம்

புகைப் பரிசோதனையில் வான் வழக்கம்போலத் தேறியது. காற்று வடிகட்டியை மாற்றி, கொஞ்ச தூரம் இழுத்து ஓட்டிவிட்டுக் கொண்டுபோனால் இந்த என்ஜின் சிரமப்படுத்துவதில்லை.

நிற்கிற கேள்வி டைமிங் பெல்ட், என்ஜினின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் பல்லுள்ள பெல்ட். 1,00,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. போன பெல்ட் போட்ட பிறகு வான் அதில் பாதிகூட ஓடவில்லை, எனவே பொறுக்கலாம் என்கிறார் மாஸ்ரர். அண்ணை மேல் மூடியைக் கழற்றி, பெல்ட்டை இரண்டு விரலால் முறுக்கிக் காட்டினார். பல்லின் அடியில் மெல்லிய கோடு, பக்கத்தில் சீலிலிருந்து கசிந்த ஒயில் ஈரம். “மாஸ்ரர், இது கிலோமீற்றர் பாக்காது, வயசு பாக்கும். அறுந்தால் வால்வு எல்லாம் போகும்.” மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பெல்ட், அதை இழுவையில் வைக்கும் ஐட்லர் உருளை, இரண்டு சீல் நான்குக்கும் பஞ்சிகாவத்தைக்குச் சொல்லியிருக்கிறது. பொங்கல் முடிந்த கிழமை என்ஜின் மூடி திறபடும். அதோடு சேர்த்துப் பின்கதவின் கீல் இரண்டும், இடப்பக்கப் பீலியில் ஒரு முழ நீளத்துக்குச் சீலரும்.